டொக்டர் சொல்லாத ‘நல்லம்’

போன மாதம் பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் வேலை செய்த பிள்ளைகள் கிளினிக்கின் வாசலில் புதிதாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்கு முன்னால் ‘மொழி உதவி’ என்று ஒரு பலகை, பின்னால் ஒரு பெண்பிள்ளை. டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தாய்மாருக்குத் தமிழில் சொல்வதும், தாய்மார் சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்வதும்தான் அவளுடைய வேலை. அது மட்டும்தான். ஊசி போட வேண்டியதில்லை, நிறை பார்க்க வேண்டியதில்லை, கைகால் உதறும் பிள்ளையைப் பிடிக்க வேண்டியதில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதே வேலையை மற்ற எல்லா வேலைகளுக்கும் நடுவில், ஒரு கையில் ஊசியும் மற்றக் கையில் பதிவுப் புத்தகமுமாக நின்று, எத்தனையோ வருடம் செய்தவள் நான்.

என்னோடு வேலை செய்த நர்ஸ் ஒருத்தி என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். “மிஸ், அந்தப் பிள்ளைக்கு ரெண்டு கதை சொல்லிட்டுப் போங்க. நீங்கதானே எங்கட பழைய மொழிபெயர்ப்பாளர்” என்றாள். புகழ்கிறாளா பகிடி பண்ணுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. சொல்ல எனக்கு ஒரு கதைதான் இருந்தது. அது என் கெட்டித்தனத்தின் கதையல்ல. வாசலில் நின்று சொல்லவும் முடியாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால் இப்போது எழுதுகிறேன்.

நான் புத்தளம் பக்கத்து மாம்புரிக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். அம்மாவின் ஊர் சிலாபம் பக்கம். விடுமுறைக்கு அங்கே போனால், தமிழில் தொடங்குகிற வசனம் சிங்களத்தில்தான் முடியும். என் சிங்களம் அந்த வீட்டுக் குசினியில் படித்தது. நர்ஸ் பயிற்சியின் மூன்று வருடத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. கால் நோவெடுத்தது, சோறு வாயில் வைக்க முடியாமல் இருந்தது, படித்தேன், பாஸ் பண்ணினேன். பிறகு ஒவ்வொரு வார்டாக மாற்றி மாற்றி, கடைசியில் பிள்ளைகள் கிளினிக்கில் கொண்டுவந்து விட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கிருந்து நான் அசையவில்லை.

நான் சொல்லப்போவது யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் நடந்தது. கிளினிக் நாளில் ஆட்கள் இருக்கப் போட்ட வாங்குகள் விடியவே நிரம்பிவிடும். கல்பிட்டிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக் குடும்பங்கள், முந்தல் பக்கத்திலிருந்து இறால் பண்ணையில் வேலை செய்பவர்கள், நுரைச்சோலையிலிருந்து தோட்டம் செய்பவர்கள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் விட்டு வந்த முஸ்லிம்களின் பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து, கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ்தான் கதைப்பார்கள். டொக்டரோ சிங்களவர்.

நாங்கள் அவரைப் பெரிய சேர் என்போம். ஆள் என்னவோ கட்டைதான். தமிழில் அவருக்கு ஏழெட்டுச் சொல் தெரியும். ‘வாய் திற’, ‘பயம் வேணாம்’, ‘பால் குடி’. கஞ்சத்தனமில்லாமல் அவற்றை எல்லோருக்கும் கொடுப்பார். தாடி வைத்த ஒரு வாப்பாவிடம் ‘பயம் வேணாம், பால் குடி’ என்று சொல்லி, அந்த மனிதன் திருதிருவென்று விழித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் பிள்ளையின் நெஞ்சைக் கேட்கும்போது அவர் வேறு ஆள். முதலில் ஃபேனை நிறுத்தச் சொல்வார். புத்தளத்து வெயிலில், பகல் பதினொரு மணிக்கு, ஆள் நிரம்பிய அறையில் ஃபேனை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கதவைச் சாத்த வேண்டும். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். இந்த ஊரில் எது குளிர்ந்து கிடக்கப்போகிறது என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். பிள்ளை தாயின் மடியிலேயே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் நான்கு இடம், பிறகு கக்கத்துப் பக்கம், பிறகு முதுகு. அதன் பின் விரல் நுனியால் வயிற்றின் வலது பக்கத்தை மெல்ல அமர்த்தி ஈரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் காலடியின் நாடி. ஒரே ஒரு நாளைத் தவிர இந்த ஒழுங்கு மாறியதில்லை.

மூச்சு எண்ணுவது என் வேலை. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒருநாள் வரிசை மருந்து கொடுக்கிற ஜன்னல்வரை போய்விட்டது. நான் அரை நிமிடம் எண்ணி, இரட்டிப்பாக்கி எழுதிவிட்டேன். சேர் நான் எழுதிய துண்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். “மிஸ், இந்தக் கடிகாரத்தில் ஒரு நிமிடம் கொஞ்சம் நீளம். இதிலே எண்ணிப் பாருங்க” என்றார். ஏச்சும் இல்லை, முறைப்பும் இல்லை. எண்ணினேன். எட்டு மூச்சுக் கூடுதலாக வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னொன்றும் அவரிடம் படித்தேன். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை பால் குடிக்கும்போது தலை வியர்க்கும். பால் குடிப்பது அதற்கு மலை ஏறுவது மாதிரி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத் தாயிடம் ‘பிள்ளைக்கு வியர்க்கிறதா’ என்று கேட்டால், ‘ஆருக்குத்தான் வேர்க்கல்ல மிஸ்’ என்று சிரிப்பாள். அவர் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுத் தந்தார். “பால் கொடுக்கும்போது கூடுதலா வியர்ப்பது உங்களுக்கா, பிள்ளைக்கா என்று கேளுங்க.” அதற்கு எந்தத் தாயும் சிரிப்பதில்லை. யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

நஸ்ரியா அந்தக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. “புள்ளக்கித்தான் மிஸ். தலகாணி நனஞ்சிரும்” என்றாள்.

மன்னாரை விட்டு வரும்போது நஸ்ரியா கைக்குழந்தை. புத்தளத்துக்கு வெளியே ஒரு முகாமில் வளர்ந்து, அங்கேயே ஜவ்பர் என்ற பையனைக் கல்யாணம் முடித்திருந்தாள். அவன் உப்பளத்தில் வேலை. முகாமின் கிடுகுக் கொட்டில்கள் எல்லாம் எப்போதோ கல் வீடுகளாகிவிட்டன, இருந்தாலும் எல்லோரும் இன்னும் ‘கேம்ப்’ என்றுதான் சொல்வார்கள். மகள் ஹனாவுக்கு அப்போது இரண்டு மாதம். நிறை கூடவேயில்லை. இரண்டு உறிஞ்சு உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், பிறகு இன்னும் இரண்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தோல் உள்ளே உள்ளே இழுபட்டது.

சேர் நெடுநேரம் கேட்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார். ‘லப்-டப்’ என்று கேட்க வேண்டிய இடத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட இரைச்சல். எக்ஸ்-ரே உறையின் பின்பக்கத்தில் அவர் இதயத்தின் நான்கு அறையையும் படமாகக் கீறினார். கீழே இரண்டு பெரிய அறை. நடுச் சுவரில் ஒரு இடைவெளி விட்டார். இடப் பக்கத்து அறை உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்புகிறது, அங்கே அமுக்கம் கூட. வலப் பக்கத்து அறை பக்கத்திலிருக்கிற நுரையீரலுக்குத்தான் அனுப்புகிறது, அங்கே அமுக்கம் குறைவு. ஆகவே ஓட்டை வழியாக இரத்தம் இடமிருந்து வலம் பாய்கிறது. இரைச்சல் அந்தப் பாய்ச்சலின் சத்தம். போக வேண்டியதைவிடக் கூடுதலான இரத்தம் நுரையீரலில் போய் நிரம்புவதால்தான் மூச்சு வாங்குகிறது.

இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் நஸ்ரியா கேட்ட முதல் கேள்வி, “நான் என்ன பிழ செஞ்சன் மிஸ்?” என்பது. எல்லாத் தாய்மாரும் இதைத்தான் கேட்பார்கள். நான் மொழிபெயர்க்காமலே சேர் விளங்கிக்கொண்டு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். “பயம் வேணாம்” என்றார். அன்றைக்கு அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தது.

ஹனாவுக்குச் சிறுநீர் போகச் செய்கிற மருந்து தொடங்கினோம். கொழும்புப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்து, ஒபரேஷனுக்கான வரிசையில் பெயர் போட்டார்கள். ஓட்டை பெரிது, தானாக மூடாது, பிள்ளை கொஞ்சம் நிறை கூடட்டும் என்றார்கள்.

நஸ்ரியா ஒரு கிளினிக்கும் தவறவிட்டதில்லை. போகப் போக ஹனா தேறி வந்தாள். மூச்சு வாங்குவது குறைந்தது, கன்னம் வைத்தது. நஸ்ரியா நோன்பு நேர்ந்திருந்தாள். நான் என் பங்குக்குத் தலவிலக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். “ரெண்டு பக்கத்தாலையும் விண்ணப்பம் போயிருக்கு மகள், ஒரு பக்கமாவது பதில் வராமலா போகும்” என்று அவளிடம் பகிடி விட்டேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிளினிக்கில் எல்லாப் பிள்ளையும் ஒன்று என்று சொல்வோம். ஆனால் ஹனாவை நிறை பார்க்கும்போது மட்டும் தராசு முள்ளை என் கண்ணே கொஞ்சம் மேலே தள்ளப் பார்க்கும்.

ஒன்பது மாதம் முடிந்து அவள் வந்த நாள். சேர் வழக்கம்போல ஃபேனை நிறுத்தி, கண்ணை மூடிக் கேட்டார். நான்கு இடமும் கேட்டுவிட்டுத் திரும்பவும் முதல் இடத்துக்குப் போனார். அப்படி அவர் ஒழுங்கு மாறியதை நான் முன்பு கண்டதில்லை. பிறகு, “சத்தே நம் அடுயி” என்றார். சத்தமென்னவோ குறைவு என்று அர்த்தம். என்னிடம் சொன்னது போலவும் இருந்தது, தனக்குத்தானே சொன்னது போலவும் இருந்தது. மேசையில் குனிந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். “இதைக் கொண்டு இந்தக் கிழமையே கொழும்புக்குப் போகச் சொல்லுங்க” என்று அதை அவர் என் கையில் வைத்ததும், வெளியே வாங்கில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆட்கள் கூக்குரலிட்டார்கள். சேர் எழும்பி ஓடினார். நானும் ஓட வேண்டும்.

கதவடியில் நின்று நஸ்ரியாவுக்குச் சொன்னேன்: “சத்தம் குறைஞ்சிருக்காம் மகள். நல்லம். இந்தக் கடிதத்தோட இந்தக் கிழமையே கொழும்புக்கு ஒருக்காப் போகட்டாம்.”

அவள் ஹனாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

டொக்டர் சொன்னது ‘குறைவு’ என்று மட்டும். ‘நல்லம்’ அவர் சொன்னதல்ல. காய்ச்சல் குறைந்திருக்கிறது, வலி குறைந்திருக்கிறது என்றால் நாங்கள் சுகம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். குறைந்தது என்று காதில் விழுந்ததும் என் வாய் தன்பாட்டுக்கு ஒரு ‘நல்ல’த்தைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் சொன்ன கொழும்பும் கிழமையும் அவள் காதில் ஏறியிருக்காது.

மூன்று கிழமை கழித்துச் சேர் என்னைக் கூப்பிட்டார். கொழும்புக்குப் போன் எடுத்திருக்கிறார், ஹனா என்று ஒரு பிள்ளை வரவேயில்லை என்றார்களாம். “அன்றைக்கு அந்தத் தாய்க்கு நீங்க என்ன சொன்னீங்க? தமிழில் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். ‘நல்லம்’ என்பதற்கு ‘ஹொந்தாய்’ என்ற சொல் வந்த இடத்தில் அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

பழைய எக்ஸ்-ரே உறை ஒன்றை எடுத்துத் திரும்பவும் நான்கு அறை கீறினார். “மிஸ், சத்தம் குறைய ரெண்டு காரணம் இருக்கு. ஒன்று, ஓட்டை சிறுத்துக்கொண்டு போகிறது. மற்றது, நுரையீரலின் குழாய்கள் இவ்வளவு மாதமும் அடி வாங்கித் தடித்துவிட்டன. அங்கே அமுக்கம் ஏறிவிட்டது. ரெண்டு பக்கமும் அமுக்கம் ஒன்றானால் இரத்தம் பாயாது. பாயாவிட்டால் சத்தம் இல்லை, மூச்சும் வாங்காது, பிள்ளை தேறினமாதிரித்தான் தெரியும். ஓட்டை அப்படியே இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். “அந்த அமுக்கம் ஓர் அளவுக்கு மேலே போனால் ஓட்டையை மூட முடியாது. மூடினால் பிள்ளை செத்துப்போகும். மூடாவிட்டால் மெல்ல மெல்லச் சாகும். அளவைத் தாண்டிவிட்டதா என்று கொழும்பில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் கணக்கு.”

எனக்கு ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. “பிழை உங்களுடையது மட்டுமில்லை. நான் சொல்லிவிட்டு ஓடிப்போனேன்” என்றார். அது இன்னும் சுட்டது.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு கேம்புக்குப் போனேன். ஜவ்பரின் ராத்தா சரீனா வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். “அவங்க மன்னாருக்குப் பெய்த்தாங்களே மிஸ். எங்கட பழைய காணி கிடைச்சிட்டு. புள்ளக்கி வருத்தம் சொகம் எண்டு டொக்டர் சொல்லிட்டார் எண்டுதானே தம்பி துணிஞ்சு போனான்” என்றாள். நான் சேர்த்த சொல்லை நம்பி ஒரு குடும்பமே ஊர் மாறியிருக்கிறது. அவள் தந்த நம்பருக்குப் போன் எடுத்தால் லைன் போகவில்லை.

சரீனாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் மிளகாயை அப்படியே விட்டுவிட்டு எழும்பினாள். “நான் கூட வாறன். தனியாப் போனா நீங்க அந்த இடத்தக் கண்டுபுடிக்க மாட்டீங்க.”

இலவன்குளம் வழியாக வில்பத்துக் காட்டுக்குள்ளால் மன்னாருக்கு ஒரு பாதை அப்போது திறந்திருந்தது. மழை பிடித்தால் ஆறு பாதைக்கு மேலால் போகும், பிறகு வாகனம் விட மாட்டார்கள். வானம் அன்றைக்குக் கறுத்துத்தான் கிடந்தது. பஸ் குலுங்கிய குலுக்கலில் சரீனா வழி நெடுக ஓதிக்கொண்டே வந்தாள். நான் செபமாலையை உருட்டினேன். ஆனால் என் மனம் செபத்தில் இல்லை. இந்தத் தடவை எந்தச் சொல்லும் கூட்டக்கூடாது, எந்தச் சொல்லும் குறைக்கக்கூடாது என்று, சேர் சொன்ன வசனங்களைப் பாடம் பண்ணிக்கொண்டு போனேன்.

காடு வெட்டித் துப்புரவாக்கிய காணியில், பாதிச் சுவரும் தகரக் கூரையுமாக வீடு. வாசல் மணலில் ஹனா சிரட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள். என்னைக் கண்டு சிரித்தாள். ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது. சேருக்குத்தான் பிழைத்துவிட்டதோ என்று ஒரு நப்பாசை.

நஸ்ரியா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “பாருங்க மிஸ், எப்பிடி இருக்கிறா எண்டு! ஒரு குறையும் இல்ல. அழுதா மட்டும் ஒதடு கொஞ்சம் நீலமாகும். அதனால நாங்க ஆரும் அழ விடுறல்ல. கேட்டதெல்லாம் குடுத்துருவம்.”

என் நப்பாசை அந்த இடத்திலேயே செத்தது. உதடு நீலமாகிறது என்றால், அழும் நேரத்தில் இரத்தம் எதிர்ப்பக்கமாகப் போகத் தொடங்கியிருக்கிறது.

ஜவ்பரும் வேலையை விட்டு வந்து குந்தினான். சேர் படம் கீறியிருந்த எக்ஸ்-ரே உறையை நான் விரித்தேன். “முதல்ல ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு டொக்டர் சத்தம் குறைவு எண்டு மட்டும்தான் சொன்னவர். நல்லம் எண்டு அவர் சொல்லல்ல. அது நான் சேர்த்த சொல்லு. பிழையான சொல்லு.”

நஸ்ரியா என் கையை விட்டாள்.

நான் படத்தைக் காட்டிப் பாடம் பண்ணியதை ஒப்புவித்தேன். அமுக்கம், குழாய், இரண்டு பக்கமும் ஒன்றாவது. சொல்லச் சொல்ல எனக்கே அது வாயில் மண்ணை மெல்வது போல இருந்தது. ஜவ்பரின் முகம் இறுகிக்கொண்டே போனது. “என்ன மிஸ் சொல்றீங்க? சத்தம் இருந்தா வருத்தம் எண்டீங்க. இப்ப சத்தம் இல்லாட்டியும் வருத்தம் எண்டுறீங்க. நல்லா இருக்கிற புள்ளட நெஞ்சப் பொளக்கச் சொல்றீங்களா?” என்று சத்தம் போட்டான். சரீனா “தம்பி” என்று அடக்கப் பார்த்தாள். நான் படத்தை மட்டும் அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.

அவன் அதைப் பார்க்க விரும்பாதவன் போலத்தான் பார்த்தான். பிறகு கையில் எடுத்தான். நடுச் சுவரில் சேர் விட்டிருந்த இடைவெளியில் விரலை வைத்தான்.

“இது தொறந்துதான் கிடக்கா?”

“ஓம்.”

“ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா?”

“ஒரே மட்டத்துக்கு வந்துகொண்டிருக்காம்.”

அவன் விரலை அந்த இடைவெளியிலிருந்து எடுக்கவில்லை. பிறகு என்னிடமில்லை, நஸ்ரியாவிடம் சொன்னான்: “உப்பளத்துல களப்புத் தண்ணி எடுக்கிற வாய்க்கால்ல பலக போட்டிருக்கும். பலகையத் தூக்கினா தண்ணி இரைஞ்சுக்கிட்டுப் பாயும். பாத்தி நெறஞ்சு ரெண்டு பக்கமும் ஒரு மட்டமாகினா சத்தம் நிண்டுரும். பலக தூக்கினபடிதான் இருக்கும். புதுசா வேலைக்கி வாறவன் சத்தம் இல்லாததப் பாத்துட்டு, ஆரோ பலகையப் போட்டுட்டாங்க எண்டு நெனச்சுப் பெய்த்துருவான். அவ்வளவு உப்பும் கெட்டுப் போயிரும்.” படத்தை அவளிடம் நீட்டினான். “அந்த மாதிரித்தான் நஸ்ரியா. பலக போடல்ல.”

எக்ஸ்-ரே உறையும் சிங்களமும் தமிழும் நானுமாகச் சேர்ந்து செய்ய முடியாததை அவன் அரை நிமிடத்தில் செய்து முடித்தான். நஸ்ரியா எழும்பி உள்ளே போனாள். எங்களைப் போகச் சொல்லப்போகிறாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். பிள்ளையின் உடுப்புப் பையோடு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “எப்ப போகணும்?” என்றாள். அடுத்த பஸ்ஸில் எல்லோருமாகத் திரும்பினோம். நஸ்ரியா என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

கொழும்பில் படுக்கை கிடைக்கச் சேர் தானே போனில் நின்றார். சோதனை என்பது தொடைக்குள்ளால் மெல்லிய குழாய் ஒன்றை இதயத்துக்கு ஏற்றி, உள்ளே அமுக்கத்தை அளப்பது. ஒட்சிசன் கொடுத்தும் அளப்பார்கள். அப்போது நுரையீரலின் குழாய்கள் இளகி அமுக்கம் இறங்கினால் வழி இருக்கிறது. இறங்காவிட்டால் கதை முடிந்தது. சோதனை நாளன்று எங்களுக்கு ஊசி கிளினிக். நான் எத்தனை பிள்ளைக்கு ஊசி போட்டேன், யாருடைய கையில் எந்த அட்டையைக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. பகல் சோற்று நேரத்தில் போன் அடித்தது. நஸ்ரியா. அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என்னோடு கதைத்தாள்.

“மிஸ், இங்க ஒருத்தருக்கும் தமிழ் சரியா வருதில்ல. டொக்டர் சொன்னத நான் அப்பிடியே மனசில வச்சிருக்கன். ஒரு சொல்லும் கூட்டல்ல, கொறைக்கல்ல. நீங்களும் அப்பிடியே சொல்லுங்க.” மூச்சை இழுத்துக்கொண்டு, சிங்களத்தில் கேட்டதை ஒப்புவித்தாள்: “ப்ரஷர் எக்க வெடி. ஏத் ஒக்சிஜன் தெனகொட்ட பஸ்ஸா. ஒபரேஷன் எக்க கரன்ன புளுவன்.” பிறகு மெல்லக் கேட்டாள். “என்ன வெடிக்கப் போகுது மிஸ்? புள்ளட நெஞ்சா வெடிக்கப் போகுது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிங்களத்தில் ‘வெடி’ என்றால் கூடுதல். அவ்வளவுதான். கதிரையைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சொல்லும் தவறிவிடாமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். “வெடிக்கிறதுக்கு ஒண்டுமில்ல மகள். அமுக்கம் கூடவாம். ஆனா ஒட்சிசன் குடுத்த நேரம் இறங்கினதாம். ஒபரேஷன் செய்ய ஏலுமாம்.”

நான் சொன்னதை அவள் ஒருக்காத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “அவ்வளவுதானா? வேற ஒண்டும் சொல்லல்லையா?” என்று கேட்டாள்.

“அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்.”

“அது போதும் மிஸ்” என்றாள்.

ஒபரேஷன் ஒரு மாதத்துக்குள் நடந்தது. சின்னத் துண்டு ஒன்றை வைத்து ஓட்டையைத் தைத்து மூடினார்கள். முதல் இரண்டு நாள் அமுக்கம் ஏறியும் இறங்கியும் பாடாய்ப் படுத்தியதாம். மூன்றாம் நாள் மூச்சுக்குப் போட்டிருந்த குழாயைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒரு வழக்கத்தை விடவில்லை. டொக்டர் சொன்னதைச் சொல்லி முடித்ததும், ‘இப்ப நான் என்ன சொன்னன், ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க’ என்று தாயிடம் கேட்பேன். சில தாய்மாருக்குக் கோபம் வரும், பள்ளிக்கூடப் பிள்ளையா நான் என்பார்கள். வரட்டும். மொழி உதவி மேசையில் இருக்கிற அந்தப் பெண்பிள்ளை இதில் வேறொன்றையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஹனாவைத் திரும்ப எங்கள் கிளினிக்குக் கொண்டுவந்தது ஒபரேஷன் முடிந்து ஆறாவது கிழமை. நெஞ்சின் நடுவில் நீளத் தழும்பு. கொஞ்சம் மெலிந்திருந்தாள், ஆனால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், சேர் தொண்டை பார்க்கிற சின்ன டோர்ச்சை எடுத்துக்கொண்டாள். சேர் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு டோர்ச்சை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அவ்வளவுதான். ஹனா நிலத்தில் இருந்து, வாயை அகலத் திறந்து ஒரு அழுகை அழுதாள். வாங்கிலிருந்த அத்தனை தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். பழைய பயத்தில் நான் ஓடிப்போய்த் தூக்கக் குனிந்தேன். நஸ்ரியா என் கையை எட்டிப் பிடித்தாள்.

“விடுங்க மிஸ். அழட்டும்.”

நாங்கள் மூன்று பேரும் நின்று அந்தப் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவள் நிறுத்தவே இல்லை. உதடு சிவப்பாகவே இருந்தது. சேர் டோர்ச்சைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டார்.